வகுப்பில் யாருடைய வாய் அசைகிறது? பிறமொழி கற்பிக்கப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்பானிஷ் கற்பிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், ஒருநாள் என் வகுப்பை நானே ஃபோனில் பதிவு செய்தேன். உச்சரிப்பைச் சரிபார்க்கத்தான். இரவு உட்கார்ந்து கேட்டபோது உச்சரிப்பு பரவாயில்லை; மற்றதெல்லாம்தான் இடித்தது. ஒரு மணி நேர வகுப்பு, 12 மாணவர்கள். ஏறக்குறைய முழு நேரமும் கேட்டது என் குரல். அதிலும் பாதி, ஸ்பானிஷைப் பற்றித் தமிழில் பேசியது. கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண் அன்று பேசியது மொத்தம் 4 சொல். அதில் ஒன்று வருகைப் பதிவின்போது சொன்ன 'பிரசென்ட்'.

அன்று பாடம் அருமையாகப் போனதாகவே நினைத்திருந்தேன். பலகையில் வினைத்திரிபு அட்டவணை வரிசையாக, பார்க்க அழகாக இருந்தது. எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. அதையும் நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டேன்.

பிரெஞ்சோ ஜெர்மனோ ஜப்பானியமோ அரபோ, ஏதோ ஒரு மொழியைக் கற்பிக்க முதல் முறையாக வகுப்புக்குள் நுழையப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொழி உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரிந்ததை அடுத்தவர் வாயில் எப்படி வரவழைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

மையம் என்றால் நாற்காலியை வட்டமாகப் போடுவதா?

'கற்பவர் மையக் கல்வி' என்ற தொடரை ஆசிரியர் பயிற்சிகளில் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும், மாணவர் இஷ்டத்துக்கு விட வேண்டும், ஆசிரியர் ஓரமாக நிற்க வேண்டும் என்றெல்லாம் அதற்குப் பொருள் சொல்வார்கள். 1899இலேயே அமெரிக்கச் சிந்தனையாளர் ஜான் டூயி, கல்வியின் மையம் ஆசிரியரிடமும் பாடநூலிடமும் இருந்து குழந்தையிடம் நகர வேண்டும் என்று சொல்லி, அந்த மாற்றத்தைக் கோப்பர்னிக்கஸ் சூரியனை நடுவில் வைத்ததோடு ஒப்பிட்டார். பெரிய உவமைதான். எனக்குக் கைக்கு அடக்கமாக இருப்பது நன்னூல் சொல்வது. 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான அதன் பாயிரத்தில், பாடம் சொல்லும் முறையைப் பற்றிய நூற்பாவில் 'கொள்வோன் கொள்வகை அறிந்து' கொடுக்க வேண்டும் என்று வருகிறது. எதிரில் இருப்பவர் எப்படி வாங்கிக்கொள்வார் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி கொடு. அவ்வளவுதான். அதே நூற்பாவில் 'விரையான் வெகுளான்' (அவசரப்பட மாட்டான், கோபப்பட மாட்டான்) என்றும் இரண்டு சொல் இருக்கிறது. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆசிரியருக்கு இதில் வேலை குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வகுப்பறையில் பேச்சு குறையும். வகுப்புக்கு முந்தைய நாள் வேலை கூடும்.

படி 1: ஏன் கற்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்

முதல் வகுப்பில் எழுத்துகளைத் தொடங்குவதற்கு முன்பு ஒரு சீட்டைக் கொடுங்கள். மூன்று கேள்வி போதும். இந்த மொழியில் யாரிடம் பேசப்போகிறீர்கள்? எங்கே, எதைப் பற்றி? அடுத்த மூன்று மாதத்துக்குள் எதைச் செய்ய முடிந்தால் சந்தோஷப்படுவீர்கள்?

ஒரே ஜெர்மன் வகுப்பில் ஒரு செவிலியர் இருக்கலாம், ஒரு பாட்டி இருக்கலாம், ஒரு கல்லூரி மாணவர் இருக்கலாம். செவிலியருக்கு 'வோ டூட் எஸ் வே?' என்று கேட்கவும், 'எங்கே வலிக்கிறது' என்ற அந்தக் கேள்விக்கு நோயாளி பேச்சுவழக்கில் சொல்லும் பதிலைப் புரிந்துகொள்ளவும் வேண்டும். பாட்டிக்கு ஜெர்மன் மட்டுமே பேசும் பேரனோடு விளையாட வேண்டும். 'ஒளிந்துகொள்', 'எண்ணு', 'இப்போது என் முறை' போன்றவைதான் அவருக்கு முதல் மாதப் பாடம். மாணவருக்குத் தேர்வு. மூவருக்கும் ஒரே புத்தகத்தின் முதல் பாடத்தில் வரும் ஓட்டல் வரவேற்பறை உரையாடலை நடத்தினால் மூவருக்கும் பாதிதான் போய்ச் சேரும்.

அதற்காக ஒவ்வொருவருக்கும் தனி சிலபஸ் போட முடியாது. பொதுவான பாடத்தை வைத்துக்கொண்டு அதில் வரும் பெயர்ச்சொற்களையும் சூழலையும் மட்டும் அவரவர் மாற்றிக்கொள்ள இடம் விட்டாலே போதும். 'எனக்கு ... வேண்டும்' என்ற வாக்கியம் எல்லாருக்கும் பொது. புள்ளியிட்ட இடம் அவரவருடையது.

படி 2: இலக்கை 'முடியும்' என்று முடியும் வாக்கியமாக எழுதுங்கள்

என் பழைய பாடக்குறிப்பில் 'இன்று: இறந்தகாலம்' என்று இருக்கும். அது நான் செய்யப்போவது. மாணவர் என்ன செய்வார் என்பது அதில் இல்லை. 'நேற்று என்ன செய்தேன் என்று நண்பரிடம் 5 வாக்கியத்தில் சொல்ல முடியும்' என்று எழுதிப் பாருங்கள். உடனே எந்த 10 வினைச்சொல் வேண்டும், எது இப்போதைக்கு வேண்டாம் என்று தானாகப் பிரியும். விதிவிலக்கான வினைகள் முழுவதையும் அன்றே கொட்ட வேண்டிய அவசியம் போய்விடும்.

இந்த மாதிரி வாக்கியங்களை நீங்களே யோசித்துத் திண்டாட வேண்டியதில்லை. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட பொது மொழிச் சட்டகம் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று 6 நிலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் 'இதைச் செய்ய முடியும்' என்ற வாக்கியங்களால் விளக்குகிறது. ஏ1 என்றால் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியும், எங்கே வசிக்கிறோம், யாரைத் தெரியும் போன்ற எளிய கேள்விகளைக் கேட்கவும் பதில் சொல்லவும் முடியும். ஆனால் எதிரில் இருப்பவர் மெதுவாகவும் தெளிவாகவும் பேசி உதவ வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனை எனக்குப் பிடிக்கும். தொடக்கநிலை மாணவர் ஒருவர் தட்டுத் தடுமாறினால் அது அவருடைய குறை அல்ல, நிலையின் இலக்கணமே அதுதான் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

கூடவே, எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அமெரிக்க அரசு தன் தூதரக ஊழியர்களுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனத்தின் கணக்குப்படி, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் ஸ்பானிஷிலோ பிரெஞ்சிலோ அலுவல் நடத்தும் அளவுக்கு வர 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும். அரபு, சீனம், ஜப்பானியம், கொரியன் என்றால் சுமார் 2,200 மணி. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு வைத்தால் ஆண்டுக்கு 100 மணி. மிச்சத்தை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். '30 நாளில் சரளமாக' என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கு வகுத்தல் கணக்கு வராது போலிருக்கிறது.

படி 3: தமிழை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள்

'வகுப்புக்குள் தாய்மொழியே கூடாது' என்ற விதியோடு நானும் தொடங்கினேன். வகுப்பின் பெரும்பகுதி கற்கும் மொழியிலேயே நடக்க வேண்டும், அதில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் மாணவர் ஏற்கெனவே வைத்திருக்கும் மொழியைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். நம் மாணவர்களிடம் பெரும்பாலும் தமிழ், ஆங்கிலம் இரண்டும் இருக்கும். புதிய மொழியைக் கற்பிக்கும் பாடநூல்கள் பலவும் ஆங்கிலத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்வதால், தமிழ் கொடுக்கும் குறுக்குவழிகள் அவற்றில் இருக்காது. அவற்றைக் காட்டுவது உங்கள் பொறுப்பு.

ஸ்பானிஷில் 'மே குஸ்தா' என்றால் 'எனக்குப் பிடிக்கும்'. ஆங்கிலப் புத்தகங்கள் இதை விளக்க இரண்டு பக்கம் செலவழிக்கும், ஏனென்றால் ஆங்கிலத்தில் பிடிப்பவர் எழுவாய். தமிழில் அவர் நான்காம் வேற்றுமையில்தான் வருகிறார், ஸ்பானிஷிலும் அப்படியே. 'எனக்கு' என்று சொல்லத் தெரிந்தவருக்கு இதில் விளக்க ஒன்றுமே இல்லை. ஓர் இடத்தில் மட்டும் பாலம் முடிந்துவிடும்: பிடித்த பொருள் பன்மையானால் வினையும் 'குஸ்தான்' என்று மாறும், நம் 'பிடிக்கும்' எதற்கும் மாறாது. அந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

கிழமைகள் இன்னும் வேடிக்கை. லூனெஸ், மார்தெஸ், மியேர்கொலெஸ், ஹுவேவெஸ், வியேர்னெஸ். 'லூனா' என்றால் நிலா. திங்கள் என்றாலும் நிலா. மார்தெஸில் செவ்வாய்க் கிரகம், மியேர்கொலெஸில் புதன், ஹுவேவெஸில் வியாழன், வியேர்னெஸில் வெள்ளி. இதைப் பலகையில் எழுதாமல், கிரகங்களின் ஸ்பானிஷ் பெயர்களை மட்டும் கொடுத்து 'கிழமையைக் கண்டுபிடியுங்கள்' என்று விட்டேன். ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். (சனியும் ஞாயிறும் ஒத்துவராது, அவை ஸ்பானிஷில் மத வழியாக வந்த பெயர்கள்.)

ஜப்பானியம் கற்பிக்கிறீர்களா? 'ஹோன் ஓ யோமிமாஸ்' என்பதும் 'புத்தகத்தை வாசிக்கிறேன்' என்பதும் ஒரே வரிசை; நம் 'ஐ' நிற்கும் இடத்தில் அங்கே 'ஓ' நிற்கிறது. ஆங்கிலம் வழியாகப் போகிறவருக்குத் தலைகீழாகத் தெரியும் வாக்கியம் நமக்கு நேராகத் தெரியும். கடினம் வேறிடத்தில் இருக்கிறது: பொதுப் பயன்பாட்டுக்கென்று வகுத்த, 'காஞ்சி' எனப்படும் சீன வழி எழுத்துகள் மட்டும் 2,136. மலாய் என்றால் 'கீத்தா', 'காமி' இரண்டும் நம் 'நாம்', 'நாங்கள்'.

உதவாத இடங்களையும் சொல்ல வேண்டும். ஸ்பானிஷில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று சொன்னால், அஃறிணைக்கு ஏது பால் என்று கேட்கத்தான் செய்வார்கள். பெரிய குழி உச்சரிப்பில் இருக்கிறது. ஸ்பானிஷில் எடைக்கு ஒரு சொல், முத்தத்துக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழ் எழுத்தில் எழுதினால் 'பெசோ', 'பெசோ'. முதல் எழுத்தின் ஒலி தொண்டை அதிர்வில்லாமல் வருவதா, அதிர்வோடு வருவதா என்பதில்தான் வித்தியாசம். நம் 'ப' இரண்டையும் சுமந்துகொள்ளும். இந்தக் கட்டுரையில் நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு போவதைப் பார்த்து வகுப்பிலும் அப்படி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முத்தம் எத்தனை கிலோ என்று கேட்கும் நிலை வரும்.

1996இல் அமெரிக்காவில் பிறமொழிக் கல்விக்கு வகுத்த தரநிலைகளின் ஐந்து நோக்கங்களில் ஒன்று ஒப்பீடு: இன்னொரு மொழியைக் கற்பதன் வழியாகத் தன் மொழியை விளங்கிக்கொள்வது. முதலில் படித்தபோது அலங்காரச் சொல் என்றே நினைத்தேன். 'நாம்', 'நாங்கள்' என்ற வித்தியாசத்தை வாழ்நாள் முழுவதும் பிழையில்லாமல் பயன்படுத்திவந்த ஒருவர், ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று தெரிந்த அன்று 'அடடே, நம்மிடம் இரண்டு இருக்கிறதா' என்று கேட்டார். அப்புறம்தான் அது அலங்காரம் இல்லை என்று புரிந்தது.

படி 4: பேசச் சொல்லும் முன் நிறையக் கேட்க விடுங்கள்

முதல் சில வகுப்புகளில் மாணவர் வாயைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. உடம்பால் பதில் சொல்லட்டும். 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்: ஆசிரியர் கட்டளை சொல்ல, மாணவர் செய்ய வேண்டும். 'லெவான்ததே' என்றால் எழுந்திருப்பார்கள். 'அப்ரே லா புவெர்தா' என்றால் ஒருவர் போய்க் கதவைத் திறப்பார். மூன்றாம் நாள் 'எழுந்து கதவைத் திறந்துவிட்டு உட்கார்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். யாருமே மொழிபெயர்க்காமல் செய்வதைப் பார்க்கலாம்.

படங்கள் இன்னும் பழைய வழி. 1658இல் கொமேனியஸ் என்ற கல்வியாளர் படமும் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி லத்தீன் கற்கும் குழந்தைகளுக்கு ஒரு புத்தகமே செய்துவிட்டார்.

வாசிக்கக் கொடுப்பதில் கஞ்சத்தனமும் வேண்டாம், பேராசையும் வேண்டாம். ஒருவர் அகராதி இல்லாமல் வசதியாக வாசிக்க, 100 சொல்லில் சுமார் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது சொற்களஞ்சிய ஆய்வுகளில் பலரும் எடுத்துக்கொள்ளும் அளவு. அதாவது 50 சொல்லுக்கு ஒரு புதிய சொல். செய்தித்தாளை முதல் மாதத்திலேயே கையில் கொடுப்பது 'உண்மையான மொழி' என்ற ஆசையில் நாம் செய்யும் தவறு. அதன் தலைப்புகளை மட்டும் கொடுக்கலாம், வானிலைப் பெட்டியைக் கொடுக்கலாம்.

கேட்பதும் வாசிப்பதும் மட்டுமே போதும் என்ற கட்சியும் உண்டு. கனடாவில் பாடங்களையெல்லாம் பிரெஞ்சிலேயே படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வைன், பல ஆண்டு கேட்ட பிறகும் அவர்களின் பேச்சும் எழுத்தும் கேட்டல் திறனுக்குப் பின்தங்கியே இருந்ததைப் பார்த்து, கற்பவர் தாமே மொழியை உருவாக்கியாக வேண்டும் என்று 1985இல் வாதிட்டார். என் அனுபவம் அவர் பக்கம்.

படி 5: பேசியே தீர வேண்டிய காரணத்தை உருவாக்குங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

'பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள்' என்று சொன்னால் யாரும் பேச மாட்டார்கள். பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டும். ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இருக்கக் கூடாது. அந்த இடைவெளியை மொழியால் மட்டுமே நிரப்ப முடிய வேண்டும். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய சோதனை முயற்சி இந்த வகையில் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து ஆங்கிலத்தில் புதிர்களைத் தீர்க்கவைத்தார்கள். கவனம் புதிரில் இருக்கும்போது மொழி கூடவே வரும் என்பது அவர் எண்ணம். இன்று 'பணிவழிக் கற்பித்தல்' என்று சொல்லும் முறைக்கு முன்னோடிகளில் அது ஒன்று.

நான் முதலில் செய்து பார்த்தது நாட்காட்டிப் பணி. அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு தாள். இரண்டிலும் திங்கள் முதல் வெள்ளி வரை, ஒவ்வொரு நாளுக்கும் காலை, மதியம், மாலை என்று 15 கட்டம். 'அ' தாளில் 10 கட்டத்தில் ஏதாவது வேலையை எழுதுங்கள், 5 காலி. 'ஆ' தாளிலும் அப்படியே. ஆனால் இருவருக்கும் பொதுவாகக் காலியாக இருப்பது ஒரே ஒரு கட்டம்தான், வியாழன் மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சந்திக்க ஒரு நேரம் கண்டுபிடிக்க வேண்டும். தாளை மற்றவருக்குக் காட்டக் கூடாது. இருவரையும் முதுகோடு முதுகு சேர்த்து உட்காரவைத்தால் எட்டிப்பார்க்கும் பிரச்சினை இல்லை.

தேவையான மொழி மிகக் கொஞ்சம். பணிக்கு முன்னால் 5 நிமிடம் வாயால் பழக்கினால் போதும்.

'எஸ்தாஸ் லிப்ரே எல் மார்தெஸ்?' (செவ்வாய்க்கிழமை ஓய்வாக இருக்கிறாயா?)

'நோ, த்ராபாஹோ. ஈ எல் ஹுவேவெஸ்?' (இல்லை, வேலை இருக்கிறது. வியாழக்கிழமை?)

அப்புறம் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதல் முறை செய்தபோது எனக்கு அதுதான் பெரிய பாடு. இருபது விநாடி அமைதியாக இருந்ததும் உதவிக்கு ஓடினேன். ஓடியதும் அவர்கள் ஒருவரையொருவர் விட்டுவிட்டு என்னிடம் பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் முறை கையில் ஒரு தாளோடு சுவரோரம் நின்றேன். எங்கே தடுக்குகிறது, எந்தச் சொல்லுக்குத் தமிழுக்குத் தாவுகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புதான் அடுத்த நாள் பாடம்.

எல்லாரும் முடித்ததும் ஜோடியை மாற்றி, புதிய தாள் கொடுத்து மறுபடி செய்யவிடுங்கள். 'இதைத்தான் செய்தோமே' என்று யாராவது முனகுவார்கள். கேட்காத மாதிரி இருங்கள். முதல் சுற்றில் 8 நிமிடம் எடுத்தவர்கள் இரண்டாம் சுற்றில் பாதி நேரத்தில் முடிப்பார்கள், அந்த வேகம் அவர்களுக்கே தெரியும். கடைசி வரிசைப் பெண் அன்று எத்தனை சொல் பேசினார் என்று எண்ண முடியவில்லை. ஒருமுறை மட்டும் குரலை உயர்த்தி, தன் ஜோடியிடம் 'நோ, நோ, எல் மார்தெஸ் நோ!' என்றார். வாக்கிய அமைப்பில் குறை சொல்லலாம். நான் சொல்லவில்லை.

படி 6: பிழையைத் திருத்துவதில் அவசரம் வேண்டாம்

ஒரு மாணவர் தன் வயதைச் சொல்கிறார்: 'சோய் வெய்ந்தே அன்யோஸ்.' ஆங்கிலத்தில் வயதாக 'இருக்கிறார்கள்', அதை அப்படியே தூக்கி வந்திருக்கிறார். ஸ்பானிஷில் வயதை 'வைத்திருக்க' வேண்டும்: 'தெங்கோ வெய்ந்தே அன்யோஸ்.'

ஆசிரியர் வழக்கமாகச் செய்வது: 'ஆ, தியேனெஸ் வெய்ந்தே அன்யோஸ்!' என்று புன்னகையோடு சரியான வினையில் திருப்பிச் சொல்வது. மாணவர் 'சி, சி' என்பார். தான் சொன்னதை நாம் ஒப்புக்கொண்டதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. திருத்தம் காற்றோடு போய்விட்டது.

இன்னொரு வழி: 'சோய்...?' என்று அவர் சொன்ன சொல்லையே கேள்வியாக இழுத்து நிறுத்துங்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பெரும்பாலும் அவரே 'ஓ... தெங்கோ. தெங்கோ வெய்ந்தே அன்யோஸ்' என்று வந்துவிடுவார். தானே திருத்திக்கொண்டது.

கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997இல் வெளியிட்ட ஆய்விலும் இதேதான். ஆசிரியர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்தியது முதல் வழியை. அதை மாணவர்கள் கவனித்து எதிர்வினை காட்டியது மிகக் குறைவு.

மூன்று எண்ணச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். 'விரையான்' என்று நன்னூல் சொன்னது இங்கேதான் உதவுகிறது. 'வெகுளான்' என்பதை ஐந்தாவது முறை அதே பிழை வரும்போது நினைத்துக்கொள்ளுங்கள். கற்பவரின் பிழை, அவர் மனதில் இந்த நிமிடம் எந்த விதி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும் சான்று என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967இலேயே எழுதிவிட்டார். 'சோய்' என்று சொன்னவரிடம் ஒரு விதி இருக்கிறது. தவறான மொழியிலிருந்து எடுத்த விதி, அவ்வளவுதான்.

பணி நடந்துகொண்டிருக்கும்போது மட்டும், பேச்சு புரியாமல் போனாலொழிய, எதையும் திருத்தாதீர்கள்.

படி 7: சொற்களை மறக்க விடாதீர்கள்

உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடப்பதை அளந்து காட்டினார். இதற்கு மலிவான மருந்து, செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய அட்டைப்பெட்டி முறை. பெட்டியில் சில அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். பின்னால் போகப் போக இடைவெளி கூடும். அட்டைகளை மாணவரே எழுதட்டும். செவிலியரின் பெட்டியும் பாட்டியின் பெட்டியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; முதல் படியில் சொன்னது இங்கே கைகொடுக்கும்.

படி 8: மதிப்பெண்ணோடு குரலையும் சேர்த்து வையுங்கள்

முதல் மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு நிமிடம் பேசி ஃபோனில் பதிந்துகொள்ளட்டும். நான்காம் மாதம் அதே தலைப்பில் மறுபடி பேசிப் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கட்டும். 'எனக்கு ஒன்றும் வரவில்லை' என்று புலம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. தேர்வுக்குத் தயார் செய்வதை இது தடுக்காது.

கட்டாயம் கேட்பார்கள்: ஃபோனே மொழிபெயர்க்கும்போது எதற்குக் கற்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் இருக்க இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். 'மூளை கூர்மையாகும்' என்று ஆள் சேர்க்க வேண்டாம். பல மொழி தெரிந்தால் பொதுவான அறிவுத்திறன் கூடுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வழி கேட்க, அறிவிப்புப் பலகையை வாசிக்க ஃபோன் போதும் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

நான் சொல்லும் பதில் பிரெஞ்சிலிருந்து. அங்கே 'வூ' என்பது நம் 'நீங்கள்', 'த்யூ' என்பது 'நீ'. ஒருவரோடு பழகிக்கொண்டிருக்கும்போது ஒரு கட்டத்தில் அவர் 'ஓன் ஸ த்யூத்வா?' என்று கேட்பார்: இனி 'நீ' என்றே பேசிக்கொள்வோமா? இதற்கென்றே அந்த மொழியில் ஒரு தனி வினைச்சொல் இருக்கிறது. ஃபோன் அந்தக் கேள்வியை மொழிபெயர்த்துவிடும். ஆனால் அதை எப்போது, யாரிடம் கேட்பது, கேட்காமலேயே மாறினால் எதிரில் இருப்பவர் முகம் எப்படிப் போகும், இதெல்லாம் பேசிப் பழகியவருக்குத்தான் தெரியும். தமிழில் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு மாறிய ஒரு நட்பாவது எல்லாருக்கும் இருக்கும், அதனால் இந்த உதாரணம் உடனே புரிந்துவிடுகிறது.

60 பேர் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா?

நடக்கும், சத்தமாக நடக்கும். 30 ஜோடி ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். எல்லாரையும் கேட்க முடியாது. ஒரு நாளைக்கு 5 ஜோடி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். 'நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே' என்று பெற்றோரோ நிர்வாகமோ கேட்டால், பணி முடிந்ததும் அதில் பேசியதை 5 வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று.

எட்டுப் படியையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். சீட்டும் நாட்காட்டிப் பணியும் போதும், இரண்டுக்கும் தாள் மட்டுமே வேண்டும். ஒரு மாதம் கழித்து உங்கள் வகுப்பைப் பதிவு செய்து, கடைசி வரிசையில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் பேசிய சொற்களை எண்ணுங்கள். வருகைப் பதிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.